பனிக்கட்டிமேல் செக்வே: ஆணி டயர் மட்டும் போதுமா?

2023 நவம்பர் 4, காலை. வாசகர் கேள்வி

பின்லாந்தின் ஓவுலு நகருக்கு வேலைக்காகக் குடிவந்திருக்கிறேன். இது எனக்கு இங்கே முதல் குளிர்காலம். நின்றபடி ஓட்டும், தானே சமநிலை காக்கும் இரு சக்கர மின்வண்டியான செக்வேயில், எக்ஸ்2 என்ற பழைய வண்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். ஆணி பதித்த குளிர்கால டயர் மாட்டிவிட்டால் பனிக்கட்டிமேலும் கோடைக்காலத்தில் ஓட்டுவதைப் போலவே ஓட்டலாம் என்று விற்றவர் சொல்கிறார். வீட்டிலிருந்து அலுவலகம் 4 கி.மீ., வழி முழுவதும் மிதிவண்டிப் பாதைதான். அவர் சொல்வது சரியா?

நவம்பர் 4, இரவு

ஓட்டலாம் என்பது சரி. கோடைக்காலம் போல என்பது சரியன்று.

மிதிவண்டிக்கும் காருக்கும் தரைப்பிடிப்பு ஓடுவதற்கும் திரும்புவதற்கும் நிற்பதற்கும் வேண்டும். செக்வேக்கு நிமிர்ந்து நிற்பதற்கே அது வேண்டும். நீங்கள் முன்னால் சாய்ந்தால், சக்கரங்கள் முன்னோக்கி ஓடி உங்கள் ஈர்ப்பு மையத்துக்கு அடியில் வந்து சேர முயல்கின்றன. நீங்கள் விழாமல் இருப்பது அந்த முயற்சியால்தான். சக்கரம் தரையைப் பிடிக்காமல் இருந்த இடத்திலேயே சுழன்றால், உங்களுக்கு அடியில் வந்து சேர எதுவும் இல்லை. தனியாக ஒரு பிரேக்கும் கிடையாது. நிற்க வேண்டுமானால் வண்டி முதலில் உங்களைவிடச் சற்று முன்னே போய், நீங்கள் பின்னால் சாய்ந்த நிலைக்கு வந்து, அதன்பிறகு சக்கரம் தரையை எதிர்த்துத் தள்ள வேண்டும். இதில் எந்தக் கட்டத்தில் பிடிப்பு விட்டுப்போனாலும் வேகம் மட்டுமல்ல, சமநிலையும் சேர்ந்தே போய்விடும்.

வழுக்கும் தரையைத் தவிர்க்கும்படி வண்டியோடு வரும் கையேடே எச்சரிக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் நானும் இங்கே குளிர்காலத்தில் ஓட்டுகிறேன். ஆகவே நான் எழுதுவதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நவம்பர் 6

எவ்வளவு சாயலாம், எத்தனை தொலைவில் நிற்கும் என்று நேற்று எழுதியவர் ஒருவர் கணக்கு கேட்டார். கணக்கு எளிது, ஆனால் மனத்துக்கு இனிமையானதன்று.

உலர்ந்த தார்ச்சாலையில் ரப்பரின் உராய்வுக் கெழு, அதாவது தரைப்பிடிப்பைக் காட்டும் எண், 0.7 அளவில் இருக்கும். உருகும் நிலைக்கு அருகிலுள்ள வழவழப்பான பனிக்கட்டியில் அது 0.1 அளவுக்கோ அதற்குக் கீழேயோ இறங்கிவிடும். சாய்கோணத்துக்கும் இந்த எண்ணுக்கும் நேரடி உறவு உண்டு. சீராக வேகம் கூட்டும்போதோ குறைக்கும்போதோ உடல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதன் டான்ஜென்ட் மதிப்பு, அந்த முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்த ஈவுக்குச் சமம். ஆகவே உராய்வுக் கெழு 0.1 என்றால் நீங்கள் சாயக்கூடிய உச்சக் கோணம் ஏறத்தாழ 5.7 பாகைதான், 0.05 என்றால் 3 பாகைகூட இல்லை. கோடையில் பழகிய உடம்பு அவசரத்தில் இதைவிடப் பெரிய கோணத்துக்குத் தானாகவே போய்விடும் என்பதுதான் சிக்கல்.

நிற்கும் தொலைவைப் பாருங்கள். மணிக்கு 20 கி.மீ. என்பது இந்த வண்டியின் உச்ச வேகம். அந்த வேகத்திலிருந்து 0.1 பிடிப்பில் நிற்க, சக்கரம் ஒருமுறைகூட வழுக்காமல் இருந்தாலும், 15 மீட்டருக்கு மேல் ஆகும். உடலைப் பின்னால் கொண்டுவரும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேராது. ஆணி டயர் அந்தப் பிடிப்பை 0.25 ஆக்குகிறது என்று வைத்துக்கொண்டால் 6 மீட்டர் சொச்சம். ஆணி இல்லாமலேயே 10 கி.மீ. வேகத்தில் வந்தால் 4 மீட்டருக்குள் முடிந்துவிடும். டயருக்குச் செலவழிக்கும் காசைவிட வேகத்தைப் பாதியாக்குவது அதிகம் காப்பாற்றுகிறது, அது இலவசமும்கூட.

நவம்பர் 7

சரிவைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் அசையாமல் நிற்பதற்கே 0.1 பிடிப்பு தேவை. அதாவது, பனிக்கட்டி படிந்த சுரங்கப்பாதை இறக்கத்தில் நீங்கள் ஓட்டவே வேண்டாம், சும்மா நின்றாலே இருக்கும் பிடிப்பு முழுவதும் செலவாகிவிடும். பிரேக் போட எதுவும் மிச்சமிருக்காது. ஓவுலுவின் பாதைகள் பெரும்பாலும் சமதரைதான். ஆனால் பெரிய சாலைகளுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைகளின் இரு முனைகளிலும் இப்படிப்பட்ட இறக்கங்கள் உண்டு. உங்கள் 4 கி.மீ. வழியில் அவை எத்தனை இருக்கின்றன என்று பனி விழுவதற்கு முன்பே நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள்.

நவம்பர் 19

டயர் விஷயம். இங்கே பலரும் எதிர்பார்த்துக் காத்திருப்பது இதைத்தான் என்று தெரிகிறது.

செக்வேக்குக் கடையில் நேராக வாங்கி மாட்டும் ஆணி டயர் கிடைப்பது அரிது. 2020 ஜூலையில் அந்த வண்டியின் உற்பத்தியே நின்றுபோன பிறகு சாதாரண டயரைத் தேடிப் பிடிப்பதும் வேலையாகிவிட்டது. ஆகவே பெரும்பாலோர் இருக்கும் டயரில் திருகும் வகை ஆணிகளைப் பதிக்கிறார்கள். முனை டங்ஸ்டன் கார்பைடால் ஆனதாக இருக்க வேண்டும்; வெறும் எஃகுத் திருகாணி, பொடி ஜல்லி தூவிய பாதையில் சில வாரங்களில் மழுங்கிவிடும். செக்வே டயருக்குள் டியூப் கிடையாது. திருகின் நீளம் அந்த இடத்து ரப்பரின் கனத்தைத் தாண்டினால் காற்று அந்த வழியாகவே வெளியேறும். ஆகவே ஆணி வாங்குவதற்கு முன், டயரின் மேடான கட்டைகளின் கனத்தை அளந்து, அதைவிடச் சிறிய திருகாகத் தேர்ந்தெடுங்கள்.

எக்ஸ்2-வின் டயர் அகலமானது, காற்றழுத்தம் மிகக் குறைவு: 4 பி.எஸ்.ஐ. அளவு. நான் ஓட்டுவது ஐ2 என்ற இன்னொரு செக்வே வகை, அதில் 15. இந்த வேறுபாடு பனிக்கட்டியில் பெரிதாகத் தெரியும். உங்கள் எடை 80 கிலோ என்று கொண்டால், வண்டியையும் சேர்த்து ஒரு சக்கரத்தின்மேல் 65 கிலோ அளவு இறங்குகிறது. டயரின் விறைப்பைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், ஐ2 டயர் தரையைத் தொடும் பரப்பு 60 சதுர செ.மீ. அளவு; எக்ஸ்2-வில் அது ஏறத்தாழ நான்கு மடங்கு. இறுகிய பனிமேல் இது எக்ஸ்2-வுக்குப் பெரிய வரம். வழவழப்பான பனிக்கட்டியிலோ எடை முழுவதையும் ரப்பரே பகிர்ந்து சுமந்துகொள்கிறது. மென்மையான டயரில் பதித்த ஆணி, பனிக்கட்டிக்குள் இறங்குவதற்குப் பதிலாக ரப்பருக்குள்ளேயே பின்வாங்குகிறது. ஆகவே ‘காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும்’ என்ற பொது அறிவுரை பனிக்குப் பொருந்தும். ஆணி டயருக்கும் வெறும் பனிக்கட்டிக்கும் அப்படியே பொருந்தாது.

இன்னொன்று. செக்வேயின் பெருமையே நின்ற இடத்தில் வட்டமடிப்பது. ஆணி மாட்டிய பிறகு பனி இல்லாத தார்த்தரையில் அதைச் செய்தால், இரு சக்கரங்களும் எதிரெதிரே சுழன்று டயரைப் பக்கவாட்டில் தேய்க்கும். ஆணிகள் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். அலுவலக மின்தூக்கிக்கு முன்னால் உள்ள வழவழத் தரையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அங்கே பராமரிப்புப் பணியாளரே சொல்லிவிடுவார்.

நவம்பர் 20

சக்கரத்துக்கும் மேலே உள்ள காப்புத் தகட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். ஆணி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைவிட முக்கியம், அந்த இடுக்கில் பனி இறுகி உறைவது. வெளியே நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தால் சக்கரம் தகட்டோடு ஒட்டியிருக்கும். வண்டியை இயக்குவதற்கு முன் இரு சக்கரங்களையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது என் பழக்கம்.

நவம்பர் 25

“உள்ளே ஐந்து கைரோ உணரிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் அவை பார்த்துக்கொள்ளும்” என்று, சாய்வை அளக்கும் உணரிகளைப் பற்றி மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஐந்து இருப்பது உண்மை. மோட்டாரின் சுருள்கள், மின்கலங்கள், கட்டுப்பாட்டுப் பலகைகள் எல்லாமே இரட்டையாக வைக்கப்பட்டிருப்பதும் உண்மை. ஒன்று பழுதானாலும் மற்றொன்று உங்களைப் பத்திரமாக நிறுத்தவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் நீங்கள் சாய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வது வேறு, அதற்கு ஏதாவது செய்ய முடிவது வேறு. உணரி எத்தனை துல்லியமாக அளந்தாலும் கடைசியில் வேலை செய்வது டயர் தரையைத் தொடும் அந்தச் சிறு பரப்புத்தான். 2001 டிசம்பரில் செக்வேயை உருவாக்கிய டீன் கேமன் அந்த வண்டியை உலகுக்குக் காட்டியபோதும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

சக்கரம் வழுக்கும்போது கணினிக்கு இன்னொரு குழப்பமும் வருகிறது. சக்கரச் சுழற்சியை வைத்துத்தான் அது வேகத்தை அறிகிறது. சக்கரம் பனிக்கட்டிமேல் வெறுமனே சுழன்றால், வண்டி அதிவேகமாகப் போவதாக எண்ணிக்கொண்டு, வேகத்தைக் கட்டுப்படுத்தக் கைப்பிடியை உங்களை நோக்கித் தள்ளும். நீங்களோ நகரவே இல்லை. இதோடு தொடர்புடைய பழைய செய்தி ஒன்று உண்டு. 2006 செப்டம்பரில் செக்வே நிறுவனம் சுமார் 23,500 வண்டிகளை மென்பொருள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. வேகக் கட்டுப்பாடு கைப்பிடியைப் பின்னால் தள்ளிய நேரத்தில் ஓட்டுபவர் இறங்கிச் சட்டென்று மீண்டும் ஏறினால், சக்கரங்கள் எதிர்த்திசையில் சுழலக்கூடும் என்பது காரணம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்பது நல்லது. கோடையில் அரிதாக வரும் நிலைமை அது. பனிக்கட்டியில் அடிக்கடி வரலாம்.

டிசம்பர் 10

காற்றழுத்தத்தை எங்கே நின்று அளக்கிறீர்கள்? வீட்டுக்குள், 20 பாகை வெப்பத்தில், எக்ஸ்2-வுக்கு 4 பி.எஸ்.ஐ. நிரப்பிவிட்டு மைனஸ் 20-க்கு வெளியே கொண்டுபோனால், உள்ளே இருப்பது 1.5 அளவுதான். ஐ2-வில் 15 நிரப்பினால் 11 ஆகும். கருவி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலுள்ள மிச்ச அழுத்தத்தை மட்டும். குளிர்ந்து சுருங்குவதோ உள்ளேயுள்ள மொத்தக் காற்று. அதனால்தான் குறைந்த அழுத்தமுள்ள டயர் இவ்வளவு பெரிய அடி வாங்குகிறது. அந்த நிலையில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினாலே டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து நழுவிவிடலாம். வண்டியை வெளியே அரைமணி நேரம் வைத்துக் குளிரவிட்டு, அங்கேயே நிரப்புங்கள். இரு சக்கரங்களிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் ஆணியைக் குறைசொல்வீர்கள்.

டிசம்பர் 11

காற்று நிரப்பக் கைப்பம்பு போதுமா என்று கேட்டவருக்கு: ஆம், போதும். காற்றடைக்கும் இயந்திரத்தை எக்ஸ்2 டயரின் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

டிசம்பர் 28

விடுமுறையில் உறைந்த கடல்மேல் ஓட்டலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நல்லிகரி கடற்கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகச் சமதளமாக இருக்கிறது. ஆசை வரத்தான் செய்யும்.

டயரைப் பற்றிப் பேசுவதற்கு முன் கனத்தைப் பற்றிப் பேச வேண்டும். தெளிந்த, கெட்டியான பனிக்கட்டி 5 செ.மீ. இருந்தால் நடந்துபோகும் ஒருவரைத் தாங்கும் என்றும், பனிமோட்டாருக்கு, அதாவது பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிக்கு, 15 செ.மீ. வேண்டும் என்றும் இங்கே சொல்வார்கள். செக்வேயையும் உங்களையும் சேர்த்தால் 130 கிலோவுக்கு மேல். நடப்பவருக்கான அளவை நம்பிப் போகாமல் பனிமோட்டாருக்கான அளவையே பாருங்கள். மேலே பனி விழுந்து நனைந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டிக்கு அதே வலு கிடையாது. ஓவுலு ஆற்றின் முகத்துவாரம், பாலங்களின் அடி, மெரிகோஸ்கி நீர்மின் நிலையத்துக்குக் கீழே உள்ள பகுதி ஆகிய இடங்களில் நீரோட்டம் அடியிலிருந்து அரிக்கும். அங்கே கனத்தை நம்பவே கூடாது. இங்குள்ள மீனவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் இரண்டு கூர்முனைக் கைப்பிடிகள் கடையில் மலிவாகக் கிடைக்கின்றன. நீரில் விழுந்தால் பனிக்கட்டியில் குத்திப் பற்றி ஏறுவதற்கு அவை. அவை இல்லாமல் போகாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், திறந்த பனிக்கட்டிதான் ஆணி டயருக்கு மிக நேர்மையான தரை. எங்கும் ஒரே மாதிரி வழுக்கும். எதிரே யாரும் வரமாட்டார்கள். சுவர் இல்லை, சரிவு இல்லை. பிரேக் எங்கே விட்டுப்போகிறது என்று உடம்புக்குக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. நான் பழகியது அங்கேதான். காற்று ஒன்றுதான் தொந்தரவு. பக்கவாட்டில் பலமாக வீசினால் ஆணி இல்லாத வண்டி நீங்கள் நின்றபடியே மெல்ல நகரத் தொடங்கும். எதிர்க்காற்றுக்கு முன்னால் சாய வேண்டியிருப்பதால், இருக்கும் பிடிப்பில் ஒரு பகுதி அதற்கே செலவாகும்.

ஹைலுவோட்டோ தீவுக்குக் கடல்மேல் அமைக்கும் குளிர்காலச் சாலையில் போய்வரலாமா என்று கேட்டவருக்கு: எல்லாக் குளிர்காலமும் அது திறப்பதில்லை. திறந்தாலும், எக்ஸ்2-வின் மின்கலம் கோடைச் சமதரையிலேயே 19 கி.மீ. போகும் என்றுதான் விளம்பரம். திரும்பி வருவதை யோசித்துக்கொள்ளுங்கள். வண்டியின் எடை 54 கிலோ.

2024 ஜனவரி 5

லாப்லாந்தின் எனொன்டெக்கியோவில் இன்று மைனஸ் 44. ஓவுலுவிலும் மைனஸ் 30-க்குக் கீழே. வண்டியை எடுக்கவில்லை, நேரம் இருப்பதால் எழுதுகிறேன்.

இந்தக் குளிரில் பனிக்கட்டி வழுக்காது என்று சிலர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பனிக்கட்டியின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய நீர்த்தன்மை குளிர் கூடக்கூடக் குறைகிறது. மைனஸ் 20 அளவில் ரப்பருக்குக் கிடைக்கும் பிடிப்பு, பூஜ்யத்துக்கு அருகில் கிடைப்பதைப் போல இருமடங்குக்கு மேலும் இருக்கும். ஆனால் அதே குளிரில் பனிக்கட்டி இறுகி ஆணிக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை; கோடைக்கால ரப்பரும் கட்டிதட்டிப் போகிறது. ஆகவே ஆணியின் உண்மையான காலம் பூஜ்யத்திலிருந்து மைனஸ் 10 வரை. அதற்குக் கீழே குளிர்கால ரப்பரே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது.

எனக்கு இந்தக் குளிரில் டயரைவிட மின்கலம்தான் கவலை. குளிர்ந்த லித்தியம் கலத்தின் உள்மின்தடை கூடுகிறது. திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் சரிகிறது. மிதிவண்டியாக இருந்தால் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். சமநிலை வண்டிக்கோ, சக்கரத்தை உங்களுக்கு அடியில் கொண்டுவரத் தேவையான அந்த ஒரு நொடி முறுக்குவிசை கிடைக்காமல் போகலாம். 2003-இல் முதல் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதற்கும் மின்கலம் தளர்ந்த நேரத்தில் ஆட்கள் விழுந்ததுதான் காரணம். குளிரால் தளர்ந்தாலும் விளைவு ஒன்றுதான். கலத்தை வீட்டுக்குள் வைத்து, புறப்படும்போது மாட்டுங்கள். திரும்பி வந்ததும் உடனே சார்ஜரில் போடாதீர்கள். உறைநிலைக்குக் கீழுள்ள லித்தியம் கலத்தில் மின்னேற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து கலம் நிரந்தரமாகக் கெடும்.

இறக்கத்தில் பிரேக் போடும்போதும் மோட்டார் கலத்துக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 21

மின் ஒற்றைச்சக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் இந்த இழைக்குள் நுழைந்துவிட்டார்கள். நல்வரவு. நானும் சென்ற ஆண்டு ஒன்று வாங்கினேன், ஆகவே ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

செக்வேயில் பக்கவாட்டில் வழுக்கினால் வண்டி சற்று நகரும், நீங்கள் முகம் சுளிப்பீர்கள். ஒற்றைச்சக்கரத்தில் பக்கவாட்டில் வழுக்கினால் தரையில் கிடப்பீர்கள். முன்பின் சமநிலையைத்தான் மோட்டார் பார்த்துக்கொள்கிறது. இடவலச் சமநிலை மிதிவண்டியைப் போலச் சாய்ந்து திரும்புவதால் வருகிறது, அதைக் காப்பது டயரின் பக்கப் பிடிப்பு. ஆகவே அங்கே ஆணி டயர் கட்டாயம். ஆணிகள் நடுவரிசையில் மட்டும் இருந்தால் போதாது. டயரின் தோள்பகுதியிலும் வேண்டும், ஏனென்றால் திரும்பும்போது தரையைத் தொடுவது தோள்தான். செக்வே திரும்பும்போது சாய்வதில்லை. அதனால் நவம்பரில் டயரைப் பற்றி நான் எழுதியதை ஒற்றைச்சக்கரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: மடிக்கும் மிதிவண்டிகளுக்கென்று 16 அங்குல ஆணி டயர் கடையில் தொங்கும். அவற்றில் பெரும்பாலானவை 349 மி.மீ. ரிம்முக்கானவை. 16 அங்குல ஒற்றைச்சக்கர வண்டிகளின் ரிம் 305 மி.மீ. இரண்டையும் 16 என்றே எழுதியிருப்பார்கள்; பொருந்தாது.

கால்விரல் அளவு சக்கரத்தோடு வரும் ஹோவர்போர்டைப் பற்றிக் கேட்டவருக்கு: காற்றே இல்லாத கெட்டி டயர், பனிக்கட்டி. வேண்டாம்.

பிப்ரவரி 11

நவம்பர் கணக்குகளை மீண்டும் படித்துப் பார்த்தேன். எண்கள் சரிதான். ஆனால் அவை தரை முழுவதும் ஒரே மாதிரி வழுக்கும் என்று எடுத்துக்கொள்கின்றன. இரண்டு மாதமாகப் பாதைகளில் ஓட்டிப் பார்த்ததில், என்னைத் திணறடித்தது பனிக்கட்டியைவிடப் பனிக்கட்டி முடியும் இடம்தான்.

சாலைச் சந்திப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கார்கள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பனிக்கட்டி நடுவில். அதையடுத்து கார்ச்சக்கரங்களின் தடத்தில் வெறும் தார். பளபளப்பில் சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்குகிறது. அதே சுழற்சியோடு தாரைத் தொட்டவுடன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முன்னே பாய்கிறது. உங்கள் உடல் பின்னால் தங்கிவிடுகிறது. ஒரு சக்கரம் மட்டும் தாரில் இருந்தால் வேறு கூத்து: வேகம் கூட்டும்போது வண்டி பனிக்கட்டி இருக்கும் பக்கம் திரும்பும், பிரேக் போடும்போது தார் இருக்கும் பக்கம் திரும்பும். ஆணி டயர் இங்கே மிகவும் உதவுகிறது; பனிக்கட்டியிலும் கொஞ்சம் பிடிப்பைக் கொடுத்து இரண்டு தரைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கிறது. ஆணிக்குச் செலவழித்த காசு இதற்காகத்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நிற்கும் தொலைவைக் குறைப்பதற்காக என்று நவம்பரில் நினைத்திருந்தேன்.

சந்திப்புகளில் இப்போது நான் செய்வது: முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, நிமிர்ந்து, கூட்டாமலும் குறைக்காமலும் உருண்டு கடப்பது. சாயாமல் இருந்தால் பிடிப்புக்கு வேலை மிகக் குறைவு. மிக மோசமான இடத்தில் இறங்கி, வண்டியைக் கையால் நடத்திக்கொண்டு போவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

பிப்ரவரி 12

காலணி அடியில் மாட்டும் முள்பட்டையோடு ஏறலாமா? கூடாது. செக்வேயின் மிதிமேடைக்கு அடியில், ஆள் நிற்கிறாரா என்று அறியும் பொத்தான்கள் உள்ளன. மேல்விரிப்பை முள் கிழித்தால் ஈரம் அங்கே இறங்கும். அதற்காகக் காலணியின் அடியில் பனிக்கட்டியோடும் ஏறாதீர்கள். சக்கரம் பிடித்தாலும் உங்கள் கால் வழுக்கும். ஏறும் முன் காலைத் தட்டிக்கொள்ளுங்கள்.

மார்ச் 3

இன்று காலை உறைந்த பாதையில் நிதானமாக, முழங்கால் மடக்கி, சாய்கோணம் எல்லாம் கணக்குப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும் பாட்டி ஒருவர் உதைசறுக்கு வண்டியில், கூடையில் மளிகைச் சாமானோடு, என்னைக் கடந்து போனார். இரண்டு நீண்ட எஃகுப் பட்டைகள், முன்னால் ஓர் இருக்கை, பின்னால் நின்று ஒரு காலால் உதைக்க வேண்டும். மின்கலம் இல்லை, உணரி இல்லை. தலையசைத்துவிட்டும் போனார்.

இந்த நகரத்துப் பாதைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2013-இல் முதல் குளிர்கால மிதிவண்டி மாநாடு இங்கேதான் நடந்தது. பாதைகளைத் தார் தெரியும்வரை சுரண்டாமல், பனியை இறுக்கிச் சமமாக்கி, மேலே பொடி ஜல்லி தூவுகிறார்கள். அந்த இறுகிய பனியில் ஆணி இல்லாத எக்ஸ்2 டயர்கூட நன்றாகவே ஓடும். ஆகவே கேள்வி கேட்டவருடைய 4 கி.மீ. வழியில் உண்மையான பனிக்கட்டி இருக்கும் இடங்கள் சந்திப்புகளும் சுரங்கப்பாதை இறக்கங்களும் மட்டுமாகவே இருக்கக்கூடும். மற்ற இடங்களில் ஆணி வெறுமனே சத்தம் போட்டுக்கொண்டு வரும்.

மார்ச் 24

கேட்டவர் எழுதியிருக்கிறார்: ஆணிகள் பதித்தாராம், பிப்ரவரி முழுவதும் போய்வந்தாராம், இந்த வாரம் திடீரென்று வண்டி நகர மறுக்கிறதாம். ஆணியின் குற்றம் இல்லை. பகலில் உருகி இரவில் உறையும் காலம் வந்துவிட்டது. மதியத்தில் பாதைமேல் கிடப்பது நாட்டுச்சர்க்கரை போன்ற பழுப்புப் பனி. சக்கரம் அதில் புதைந்து, அதைத் தாண்ட நீங்கள் அதிகம் சாய்ந்து, சாய்ந்ததால் அது வழுக்கி, வழுக்கியதால் இன்னும் புதைகிறது. இதற்கு டயரில் தீர்வு இல்லை. காலை ஏழு மணிக்குப் போங்கள், எல்லாம் கெட்டியாக உறைந்திருக்கும், ஆணி நன்றாகப் பிடிக்கும். மாலையில் பேருந்தில் வாருங்கள். வண்டியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு மறுநாள் காலையிலும் பேருந்தில் போக வேண்டியிருக்கும் என்பது இந்தத் திட்டத்திலுள்ள ஓட்டை. அதை நான் கவனித்துவிட்டேன்.

பனி மறைய மறையக் குளிர்காலம் முழுவதும் தூவிய ஜல்லி மேலே வரும். உடைத்த கருங்கல், கூர்மையான விளிம்புகள். மிதிவண்டிக்காரர்கள் பஞ்சருக்குப் பயப்படும் பருவம் இதுதான். செக்வேயின் கனமான டயரை அது எளிதில் குத்துவதில்லை, ஆனால் தார்மேல் பரவிய ஜல்லியும் உருளும். பிரேக் போடும்போது அதைப் பனிக்கட்டியாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 14

ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் அதே துளையில் திருகலாமா என்று கடைசியாக ஒரு கேள்வி. வேண்டாம், துளை பெரிதாகிவிடும், ஆணி நிற்காது. தேய்ந்த பழைய டயர் ஒரு ஜோடி கிடைத்தால் கோடைக்கு அதை மாட்டிக்கொண்டு, ஆணி டயரை ஆணியோடு அப்படியே கழற்றி வையுங்கள். கழற்றும்போது எது இடது, எது வலது, எந்தத் திசையில் சுழன்றது என்று சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள். ஆணிகள் ஒரு பக்கமாகத் தேய்ந்து அந்தச் சாய்விலேயே ரப்பரில் அமர்ந்திருக்கும். திசை மாற்றி மாட்டினால் முதல் வாரத்திலேயே தளர்ந்து விழத் தொடங்கும்.